நூறு வரை எண்ணு

ஒரு வாரமாகச் சொல்லி வைத்தோம்.
இது டிவி இல்லடா, போன் இல்ல.
நிறுத்தி வைத்துவிட்டு ஒண்ணுக்குப் போக முடியாது,
போனால் போன காட்சி போனதுதான்.
நீ இருமினால் மேடையில் கேட்கும்.
முறுக்கைக் கடித்தால் அதுவும் கேட்கும்.

"நான் பேசினா?"
பேசினாலும் கேட்கும்.
"அப்ப பதில் சொல்வாங்களா?"
இந்த இடத்தில்
நானும் சுகந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பழங்காநத்தத்தில் எங்கள் அடுப்படி
ஆறடிக்கு நாலடி.
அதற்குள்தான் பத்து நாளாகச் செத்துக்கொண்டிருந்தாள்.
பகலெல்லாம் லேபில் ஊரார் கையில்
நரம்பு தேடி ரத்தம் எடுப்பவள்
ராத்திரி வந்து
பீட்ரூட் சாறில் மைதாவைக் கரைத்து
பலூனில் ஊற்றி முடிச்சுப் போட்டாள்.
"நெசத்துல இம்புட்டுச் சிவப்பா இருக்காது.
சனத்துக்கு இதுதான் பிடிக்கும்."

ஒரு பலூனை லோகுவை உடைக்கவிட்டோம்.
கத்தியை வளைத்துப் பார்க்கச் சொன்னோம்:
செருப்பு டப்பா அட்டை,
மேலே சிகரெட் பெட்டி வெள்ளித்தாள்.
(சிகரெட் பெட்டி ஏது என்று சுகந்தி கேட்கவில்லை.
கேட்டாள், பிறகு.)

விழுந்தாள்.
சிலிண்டரில் தலை இடிக்காமல் விழ
ஒரு கோணம் வைத்திருந்தாள்.
லோகு காலடியில் உட்கார்ந்து
கட்டைவிரலைக் கிள்ளினான்.
செத்தவள் சிரித்துவிட்டாள்.
"அங்க வந்து கிள்ள முடியாதுடா.
நான் விழுந்ததும் எண்ண ஆரம்பி.
நூறு எண்றதுக்குள்ள எந்திரிச்சிருவேன்."
அவன் வகுப்பில் தப்பில்லாமல் நூறு வரை
எண்ணத் தெரிந்தவர்கள் மூன்று பேர்.
அதில் இவன் ஒருவன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னாலேயே போய்விட்டாள்.
பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது
கடைசித் தடவையாகக் கேட்டேன்.
அம்மா விழுந்தா?
"நூறு."
விளக்கு அணைஞ்சா?
"கரண்டு போகல. அவங்களா அணைக்கிறாங்க."
கத்தி?
"அட்டை."
கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

தல்லாகுளத்தில் ஒரு பள்ளிக்கூட அரங்கம்.
இரும்பு நாற்காலி, மூன்றாவது வரிசை.
சத்தம் என்று சொல்லி
ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள்.
விளக்கு போனதும்
அவன் என் கையைத் தேடவில்லை.
எனக்குத்தான் வியர்த்தது.

இரண்டாம் காட்சி.
சுகந்தி வெளிச்சத்துக்குள் வந்தாள்.
பின்னாலேயே ஒரு பையன் ஓடி வந்தான்,
லோகு உயரம், லோகுவுக்கு இல்லாத சுருட்டை முடி.
அள்ளி இடுப்பில் வைத்தாள்.
மூக்கோடு மூக்கு உரசினாள்.
"என் சுண்டெலி" என்றாள்.

வசனத்தில் அந்தச் சொல் கிடையாது.
அடுப்படியில் ஒரு நாளும் வந்ததில்லை.
வாய் தானாகக் கொண்டுவந்துவிட்டது போல.
அட்டைக்கத்தி சொன்னோம், பலூன் சொன்னோம்,
அவள் சாவதைப் பத்து நாள் காட்டினோம்.
இந்தப் பையனை
எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

லோகு நாற்காலி மேல் ஏறி நின்றான்.
"அது நானு."

சத்தமாக இல்லை.
ஆனால் சொல்லியிருந்தோமே, கேட்கும் என்று.
சுருட்டை முடிக்குள் அவள் விரல்
ஒரு நொடி நின்றது.
பிறகு அடுத்த வசனத்துக்குப் போனாள்.

கடைசியில் செத்தாள், நன்றாகவே.
முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார்.
லோகு எண்ணவில்லை.
நான்தான் எண்ணினேன்.
அறுபத்து மூன்றில் திரை விழுந்தது,
மீதியையும் எண்ணி முடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில்
அவள் கழுத்தில் பீட்ரூட் காய்ந்து இழுத்துக்கொண்டிருந்தது.
அவன் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான்.
சிம்மக்கல் தாண்டியதும்,
"நாளைக்கும் இருக்கா?"
இருக்கு.
"அவனையே தூக்குவியா?"

பொய் சொல்ல வசதியான இடம்.
முகத்தில் பவுடர்கூட இன்னும் போகவில்லை.
"தூக்குவேன்" என்றாள்.

பெரியார் நிலையம் வரை பேச்சில்லை.
ஆட்கள் இறங்கி, ஆட்கள் ஏறி,
பூக்கூடை ஒன்று என் மடிக்கு வந்துவிட்டிருந்தது.
"அவனுக்கு வேற பேரு வையி."
என்ன பேரு?
வெகுநேரம் யோசித்தான்.
"மூஞ்சூறு."

நாளைக்கும் மூன்றாவது வரிசை வேண்டுமாம்,
அவள் மாற்றிச் சொல்கிறாளா என்று பார்க்க.